ஏற்காடு, பார்த்த இடம்தானே

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமா கண்ணு? எனக்கு ஒண்ணுமில்லை, உனக்காகத்தான் சொல்றேன். அஸ்தம்பட்டி தாண்டலை, அதுக்குள்ளயே காத்து இப்படி அடிக்குது. மலை ஏற ஆரம்பிச்சா காதடைச்சுக்கும். மஃப்ளர் எடுத்துட்டு வந்தியா? இல்லையா? டிசம்பர் மாசம் ஏற்காடு போற புள்ள வெறும் துப்பட்டாவோட பஸ் ஏறிட்டே. சரி விடு, என்கிட்ட ஸ்வெட்டர் இருக்கு. நாலு இருக்கு, நாலும் ஒரே கலரு, மெரூன். கூட்டத்துல யாராவது பிரிஞ்சு போனா சட்டுனு கண்ணுல படணும்ல, அதுக்காகத்தான் ஒரே கலரா வாங்கினேன். ஒண்ணு எடுத்துப் போட்டுக்கோ. இறங்கறப்பக் குடுத்தாப் போதும்.

நீ எங்க இறங்கறே, லேக் கிட்டயா? நானும் அங்கதான் இறங்கணும்னு நினைக்கிறேன். நிச்சயமாத் தெரியலை. அதுக்குத்தான் உன்கிட்ட ஒரு உதவி. இந்தப் போட்டோவைக் கொஞ்சம் பாரு. பின்னாடி ஒரு போர்டு தெரியுதுல்ல, அதைப் பெருசாக்கி என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு. கண்ணாடி போட்டும் எனக்குப் பிடிபடலை. பாதிதான் தெரியுதா? 'வியூ காட்டேஜ்'. முன்னாடி என்ன வியூன்னு தெரியலையா? தலை மறைக்குதா? அது சம்பந்தியம்மா தலை. சரி, ஏற்காட்டுல எத்தனை வியூ காட்டேஜ் இருந்துடப் போகுது? நிறைய இருக்கும்ங்கிறியா. பரவால்லை. ஒவ்வொண்ணா ஏறி விசாரிச்சுக்கறேன். முப்பத்தோரு வருஷம் புள்ளைங்களைத் தேடின கால்தான் இது.

இந்தப் பச்சைச் சுடிதார்தான் என் பொண்ணு, சிந்துஜா. பெங்களூருல வேலை. பக்கத்துல தாடி வெச்சிருக்கறது மாப்பிள்ளை பிரபாகர். நடுவுல நாற்காலியில உக்காந்துட்டுச் சிரிக்கிறாங்களே, அவங்க மாப்பிள்ளையோட அம்மா. மூணு பேரும் நேத்து ஏற்காடு வந்திருக்காங்க. எனக்குச் சொல்லலை. அதுதான் விஷயம். உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, நீ யாரோ நான் யாரோ. என் பொண்ணு என்னைய விட்டுட்டு மாமியாரோட லீவுக்கு வந்துடுச்சு. நான் இப்ப அங்கதான் போறேன்.

எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளு. நேத்துச் சாயங்காலம் சம்பந்தியம்மா வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல இதைப் போட்டாங்க. கீழ ஏற்காடுன்னு எழுதி ஒரு பூ வேற. நான் உடனே சிந்துவுக்குப் போன் போட்டேன். எங்கம்மா இருக்கேன்னு கேட்டேன். "வீட்லதாங்கம்மா. ஆபீஸ் வேலை முடியலைங்க. நான் அப்புறம் பேசறேங்க" அப்படின்னுச்சு. பின்னாடி சம்பந்தியம்மா யாரையோ படகு எத்தனை மணி வரைக்கும்னு கேக்குறாங்க. எனக்கு நல்லாக் கேக்குது. சரிம்மா, நேரத்துக்குச் சாப்பிடுன்னு சொல்லி வெச்சுட்டேன். பத்து நிமிஷத்துல அந்த ஸ்டேட்டஸ் காணாமப் போச்சு. அந்தம்மா கை பட்டு அழிஞ்சிருக்கும், வயசானவங்க. நல்லவேளை நான் அதுக்குள்ள ரெண்டு பட்டனை அமுக்கிப் படம் புடிச்சு வெச்சிருந்தேன்.

என் பொண்ணு பேசறதைக் கவனிச்சியா? ஒவ்வொண்ணுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசும். இன்னைக்கு வரைக்கும் என்னைய ஒரு வார்த்தை 'நீ'ன்னு சொன்னதில்லை. அப்படி ஒரு மரியாதை. மாமியாரைத்தான் வா போங்குது. "அத்தை, நீ இங்க உக்காரு", "அத்தை, நீ இதைத் தின்னு பாரு". கல்யாணமாகி நாலு வருஷத்துல அப்படி ஆயிடுச்சு. அந்தம்மாவும் இளிச்சுக்கிட்டு விட்டுடுறாங்க. நான் அப்படி வளர்க்கலை.

நான் வார்டனா இருந்தேன் கண்ணு. அரசு மாணவியர் விடுதி. அறுபது புள்ளைங்க. சிந்துவுக்கு நாலு வயசுல வீட்டுக்காரர் மஞ்சக்காமாலையில போயிட்டாரு. அதுக்கப்புறம் விடுதியிலயே பின்னாடி ஒரு ரூம்ல நாங்க ரெண்டு பேரும் இருந்தோம். ஊருல எல்லாரும் என்ன பேசுவாங்க? வார்டன் பொண்ணுக்குத் தனிச் சாப்பாடு, வார்டன் பொண்ணுக்குத் தனிக் கவனிப்புன்னுதானே பேசுவாங்க? அந்தப் பேச்சுக்கே நான் இடம் குடுக்கலை. சிந்து சாப்பாட்டுக்கு வரிசையிலதான் நிக்கும், கடைசி ஆளா. பண்டிகைக்குப் பலகாரம் போட்டா எல்லாருக்கும் குடுத்துட்டு மிச்சம் இருந்தாத்தான் அதுக்கு. மத்த புள்ளைங்க முன்னாடி என்னைய அம்மான்னு கூப்பிடக் கூடாது, மேடம்னுதான் கூப்பிடணும். ஏன்னா அங்க பாதிப் புள்ளைங்களுக்கு அம்மா கிடையாது. அதுங்க காதுல அந்த வார்த்தை விழுந்தா மனசு என்ன பாடு படும்? சிந்து புரிஞ்சுக்குச்சு. அஞ்சு வயசுலயே புரிஞ்சுக்குச்சு. ரூமுக்குள்ள வந்து கதவைச் சாத்தினாக் கூட மேடம்னுதான் வரும், அப்படிப் பழகிடுச்சு. காலேஜ் போய்த்தான் மறுபடி அம்மான்னு ஆரம்பிச்சுது.

அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சா விடுதி காலியாயிடும். ஆனா ஏழெட்டுப் புள்ளைங்க நின்னுடும். போக வீடு இருக்காது, இல்லைன்னா போனா திரும்ப அனுப்ப மாட்டாங்க. அதுங்களை விட்டுட்டு நான் எங்க போறது? சிந்துவோட படிச்ச புள்ளைங்கெல்லாம் ஊட்டி போனோம் கொடைக்கானல் போனோம்னு வந்து சொல்லும். இது ஒரு தடவை கூட என்கிட்டக் கேட்டதில்லை. அதனாலதான் நான் மனசுக்குள்ள வெச்சிருந்தேன், ரிட்டையர் ஆனதும் வருஷா வருஷம் டிசம்பர்ல எம்புள்ளையைக் கூட்டிட்டுப் போயி ஊர் ஊராக் காட்டணும்னு. அந்த ஒரு ஆசைதான். சொத்து சுகம்னு வேற எதுவும் எனக்கு இல்லை.

போன வருஷம் ரிட்டையர் ஆனேன். டிசம்பர்ல ஊட்டி போனோம். நான், பொண்ணு, மாப்பிள்ளை. இ-பாஸ் போட்டது நான், ரூம் போட்டது நான், எந்த நாள் எந்த இடம், எந்த இடத்துல எத்தனை நிமிஷம்னு எல்லாம் நோட்டுல எழுதி ஆளுக்கொரு ஜெராக்ஸ் குடுத்தேன். உறைபனி பார்க்கணும்னா விடியறதுக்குள்ள தலைக்குந்தா போயிடணும். வெயில் வந்தாக் கரைஞ்சுடும். காலைல நாலரைக்கு எழுப்பினேன். மாப்பிள்ளை எந்திரிக்கலை. நான் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தேன், பக்கத்து ரூம்காரங்க வெளிய வந்து பார்த்தாங்க, அப்புறம் எந்திரிச்சாரு. புல்லுமேல உப்புக் கொட்டின மாதிரி வெள்ளையாக் கெடந்துச்சு. அப்படி ஒரு அழகு. சிந்து அதைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே உக்காந்துடுச்சு. நான் வாட்சைப் பார்த்தேன், இருபது நிமிஷம் ஆயிடுச்சு, கிளம்பினாத்தான் தொட்டபெட்டா. கைதட்டிக் கூப்பிட்டேன். அது எந்திரிச்சு வந்துடுச்சு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை.

அஞ்சு நாளைக்கும் சாப்பாடு நானே கட்டிட்டுப் போனேன். புளிச்சாதம், சப்பாத்தி, பருப்புப் பொடி. வெளிச்சாப்பாடு வயித்துக்கு ஆகாது. மாப்பிள்ளை ஒரு நாள் சூடா மிளகா பஜ்ஜி வாங்கித் தின்னுட்டு வந்தாரு, என்கிட்டச் சொல்லலை. வாசத்துல கண்டுபுடிச்சுட்டேன். அறுபது புள்ளைங்களை வெச்சு மேய்ச்ச எனக்கு இது தெரியாதா? நான் திட்டலை. சொல்லிட்டுத் தின்னிருக்கலாம்ல தம்பின்னு மட்டும் கேட்டேன். வண்டி ஏறறப்ப ஒவ்வொரு தடவையும் எண்ணுவேன். மூணே பேர்தான், இருந்தாலும் எண்ணுவேன். டிரைவர் கூடச் சிரிச்சாரு. ராத்திரி ஒம்பதரைக்கு ரெண்டு ரூம்லயும் விளக்கு அணைஞ்சுதான்னு பார்த்துட்டுத்தான் படுப்பேன். அஞ்சு நாள்ல இருபத்திரண்டு இடம் பார்த்தோம். யாராவது முடியுமா? திரும்பி வர்றப்ப மாப்பிள்ளை மேட்டுப்பாளையம் வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டே வந்தாரு. அவ்வளவு திருப்தி.

இது அடிவாரம் செக்போஸ்ட். இனிமே வளைவு ஆரம்பிக்கும். வாந்தி வருமா உனக்கு? வந்தாச் சொல்லு, என்கிட்ட எலுமிச்சம்பழம் இருக்கு.

இந்த வருஷத்துக்கு ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சுட்டேன். வாட்ஸப்ல 'டிசம்பர் சுற்றுலா'ன்னு ஒரு குரூப். நாங்க மூணு பேருதான். எந்த இடத்துக்குப் போலாம், அவங்கவங்க விருப்பத்தைச் சொல்லலாம்னு எழுதினேன். நான் சர்வாதிகாரி இல்லை பாரு. மாப்பிள்ளை கூர்க்னு போட்டாரு. கூர்க்ல அட்டைப்பூச்சி. அட்டை மழைக்காலத்துலதாங்க அத்தைன்னாரு. அட்டைக்கு மாசம் தெரியுமா? வேண்டாம்னுட்டேன். அப்புறம் கோகர்ணான்னாரு. கடலுக்குப் போறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம், தரங்கம்பாடியில இல்லாத கடலா? அப்ப தரங்கம்பாடி போலாம்னாரு. டிசம்பர்ல புயல் வரும். வால்பாறைன்னா சிறுத்தை, மூணாறுன்னா குளிர்ல கரண்டு போயிடும், குத்தாலத்துல இப்பத் தண்ணி இருக்குமோ இருக்காதோ. நான் ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதிப் போட்டேன். செப்டம்பருக்கு அப்புறம் மாப்பிள்ளை ஒண்ணும் எழுதலை, கட்டை விரல் மட்டும் போடுவாரு. சிந்து, "உங்க இஷ்டங்கம்மா" அப்படின்னு போடும். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு கடைசியா கொடைக்கானல்னு முடிவு பண்ணினேன். நாலு நாள், பதினெட்டு இடம். போன வருஷத்தை விடக் கம்மியாத்தான் போட்டிருந்தேன்.

அக்டோபர்ல ஒரு நாள் சிந்துவே போன் பண்ணுச்சு. சாதாரணமா நான்தான் பண்ணுவேன், அன்னைக்கு அதுவே பண்ணுச்சு. "அம்மா, ஏற்காடு போலாங்களா. ஒரு இடமும் பார்க்க வேண்டாங்க. அந்த லேக் கிட்ட ஒரு ரூம் எடுத்துட்டு நீங்களும் நானும் சும்மா உக்காந்திருக்கலாங்க. எனக்கு உங்ககிட்டக் கொஞ்சம் பேசணுங்க" அப்படின்னுச்சு.

நான் சிரிச்சுட்டேன். ஏற்காடு, பார்த்த இடம்தானே? பார்த்த இடத்தை எதுக்கு மறுபடி பார்க்கணும்? அதுவும் ஒரு இடமும் பார்க்காம லேக் கிட்ட உக்காந்திருக்கறதுக்கு ஒரு லீவா? பேசணும்னா போன்லயே பேசலாமே, சொல்லுன்னேன். ஒண்ணுமில்லைங்கம்மான்னு வெச்சுடுச்சு. அதுக்கப்புறம் அது குரூப்ல எதுவும் எழுதலை. நவம்பர்ல, இந்த வருஷம் லீவு கிடைக்கலைங்கம்மா, டிக்கெட் எடுக்காதீங்கன்னு ஒரு மெசேஜ். அவ்வளவுதான்.

ஆமா, நாங்க ஏற்காடு ஒரு தடவை வந்திருக்கோம். அப்ப சிந்து ஆறாவது. அந்த வருஷம் லீவுக்கு எட்டுப் புள்ளைங்க நின்னுடுச்சு. பாவம், அதுங்களும் எங்கதான் போகும்னு நான் அலையா அலைஞ்சு பர்மிஷன் வாங்கி ஒரு வேன் பேசிக் கூட்டிட்டு வந்தேன். என் பொண்ணும் வந்துச்சு. படகு, அண்ணா பூங்கா, லேடிஸ் சீட், எல்லாம் பார்த்தோம். என் வாழ்க்கையில அப்படி ஒரு நாள் இல்லை கண்ணு. புள்ளைங்க பாட்டென்ன, ஆட்டமென்ன. சாயங்காலம் நாலரைக்கு வேன்ல ஏத்தி, பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பேராக் கூப்பிட்டேன். எட்டுப் பேரு, எட்டுத் தலை. சரியா இருக்குன்னு வண்டியை எடுக்கச் சொன்னேன்.

பாதி மலை இறங்கிட்டோம். லோகேஸ்வரின்னு ஒரு புள்ள, பின் சீட்லேருந்து எந்திரிச்சு, மேடம் சிந்து இல்லைங்கன்னுச்சு. எட்டுப் பேரும் இருக்கீங்க, நான் எண்ணிட்டேன், உக்காருன்னேன். அது உக்காரலை. சிந்து இல்லைங்க மேடம்னு மறுபடி சொல்லுச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பதிவேட்டுல என் பொண்ணு பேரு இருக்காது. அது விடுதிப் புள்ள கிடையாதே. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.

வளைவுல வண்டியைத் திருப்ப முடியாதுன்னு டிரைவர் கொஞ்ச தூரம் இறங்கித்தான் திருப்பினாரு. மேல வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. பனி இறங்கி எதிர்ல ஆளே தெரியலை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு உசுரே இல்லை. அந்த லேக்கையே நினைச்சுக்கிட்டு வந்தேன், என்னென்னவோ தோணுச்சு. ஆனா முகத்துல காட்டிக்கலை. வார்டன் அழுதா எட்டுப் புள்ளைங்களும் பயந்துடும். சிந்து படகுத்துறைப் படியில உக்காந்திருந்துச்சு. வேன் நின்னதும் எந்திரிச்சு நேரா நின்னுச்சு. அழலை. எங்க போனேன்னு கேட்டேன். "பாத்ரூம் போனேன் மேடம். சொல்லிட்டுத்தான் போனேன்" அப்படின்னுச்சு. யார்கிட்டச் சொன்னேன்னு கேட்டா, "உங்ககிட்டத்தான் மேடம்" அப்படிங்குது. எனக்கு ஞாபகமே இல்லை. அத்தனை புள்ளைங்க இழுத்துக்கிட்டு இருக்கறப்ப எந்தக் காதுல விழுந்துச்சோ.

வண்டி கிளம்பற நேரத்துக்கு இல்லாத புள்ளைக்கு ஒரு வாரம் டிவி கிடையாதுன்னு விடுதியில ஒரு விதி. அதைச் சிந்துவுக்கும் போட்டேன். போடாம இருந்தா மத்த புள்ளைங்க என்ன நினைக்கும்? அது ஒரு வாரமும் ரூம்லயே உக்காந்து படிச்சுது. முணுமுணுக்கலை. அந்த மாதிரி ஒரு புள்ளை யாருக்குக் கிடைக்கும்? நான் பயந்ததையெல்லாம் அதுகிட்டச் சொன்னதில்லை. எதுக்குச் சொல்லணும்? பெத்தவளுக்கு இருக்காதா? அதுக்கே தெரியும்.

நீ எதுக்கு இப்படிப் பார்க்கறே? இது நடந்து பதினெட்டு பத்தொம்பது வருஷம் ஆச்சு. அது எப்பவோ மறந்திருக்கும். ஒரு நாள் கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லையே.

இந்தப் போட்டோவைத்தான் நேத்திலிருந்து பார்த்துட்டே இருக்கேன். அந்தம்மா தோள்ல எப்படிச் சாஞ்சிருக்கு பாரு. இப்படி என்மேல ஒரு தடவை சாஞ்சிருக்கான்னு நினைச்சுப் பார்க்கறேன், கைக்குழந்தையில சாஞ்சிருக்கும். அப்புறம் ஞாபகம் வரலை. எனக்குப் பொறாமை இல்லை கண்ணு. பொய் சொல்லக் கூடாது, பொறாமைதான். வயிறு எரியுது. நான் பெத்தேன், நான் வளர்த்தேன், ஒரு கெட்ட பேரு இல்லாம ஆளாக்கிக் கட்டிக் குடுத்தேன். அந்தம்மா என்ன பண்ணாங்க? சும்மா பக்கத்துல உக்காந்திருக்காங்க. வேற எதுவும் பண்றதாத் தெரியலை.

காலைல எந்திரிச்சு யாருக்குக் காப்பி போடறதுன்னு தெரியாம நின்னேன். ஒரு டம்ளர் காப்பிக்கு அடுப்பைப் பத்த வைக்கவே கை வரலை. முந்தி அறுபது பேருக்கு எந்திரிப்பேன். இப்ப மணியடிக்க ஆளில்லை, எழுப்ப ஆளில்லை. அதான் பையைத் தூக்கிட்டு வந்துட்டேன். சம்பந்தியம்மாவுக்கும் சேர்த்து ஒரு ஸ்வெட்டர் வாங்கிட்டேன், அவங்களை ஒதுக்கின மாதிரி இருக்கக் கூடாது. நாளைக்குச் சேர்வராயன் கோயில், அப்புறம் பகோடா பாயிண்ட், கிளியூர் அருவின்னு சும்மா ஒரு தாள்ல எழுதி வெச்சிருக்கேன். அவங்களுக்குப் பிடிக்கலைன்னாக் கிழிச்சுப் போட்டுடறேன். ரூம் இல்லைன்னா வராண்டாவுல படுத்துக்கறேன். சாப்பாடு அவங்க எங்க சாப்பிடறாங்களோ அங்கயே சாப்பிடறேன், பஜ்ஜி கூடத் தின்னுக்கறேன். நான் யாரையும் எண்ண மாட்டேன். வாயைத் திறக்க மாட்டேன். ஒரு ஓரமா உக்காந்திருந்தாப் போதும். போயி நின்னா, ஏங்கம்மா வந்தீங்கன்னு கேட்டுடுமா? கேக்காது இல்ல? நீ ஒரு பொண்ணு, நீ சொல்லு. உங்கம்மா இப்படி வந்து நின்னா நீ என்ன சொல்லுவே?

போன் அடிக்குது பாரு, எடு. எடும்மா, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். பஸ்ஸு சத்தம் கேக்காம ஜன்னலைச் சாத்திட்டுப் பேசு.

பேசிட்டியா?

அம்மாவா?

நான் ஒட்டுக் கேக்கலை கண்ணு. பக்கத்துல இருக்கறவளுக்குக் கேக்காம இருக்குமா? ஹாஸ்டல்லதான் இருக்கேன், தலைவலி, படுத்துத் தூங்கப் போறேன்னு சொன்னே. இல்லை, பயப்படாதே. முந்தின காலமா இருந்தா அந்தப் போனை வாங்கி நானே உங்கம்மாகிட்டப் பேசியிருப்பேன். எத்தனை புள்ளைங்களுக்கு அப்படிப் பண்ணியிருக்கேன். இப்பப் பண்ண மாட்டேன். நீ எங்க வேணாப் போ, யாரோட வேணாப் போ, அது எனக்கு வேண்டாம். உங்கம்மா நல்லவங்கதானே? குரலைக் கேட்டா நல்லவங்க மாதிரித்தான் இருக்கு. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னுதானே கேட்டாங்க. நான் கேக்கறதும் அதேதான்.

லேக் வந்துடுச்சு. எல்லாரும் இறங்கட்டும். நீ உக்காரு, ஒரே நிமிஷம். கையை இழுக்காதே கண்ணு, கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சிந்துகிட்டப் போயி, ஏன் பொய் சொன்னேன்னு என்னால கேக்க முடியாது. கேட்டா, ஒண்ணுமில்லைங்கம்மான்னுதான் சொல்லும். நீ யாரோ நான் யாரோ, என்கிட்டச் சொல்றதுல உனக்கு என்ன? நான் கோவிச்சுக்க மாட்டேன், உங்கம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். சொல்லிட்டுப் போ. உங்கம்மா அப்படி என்னம்மா பண்ணாங்க?